அவர் மறைத்த மூன்று மாதம்

எண்பதுகளின் நடுவில், வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். கணவருக்கு நூல் மில்லில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள் போதும் என்று முடிவானது. எனக்கு ரத்தம் குறைவு என்பதால் அவரே திண்டுக்கல் போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டார். எங்கள் தெருவில் அப்படிச் செய்த முதல் ஆண்பிள்ளை அவர்தான். ஆண்மை போச்சு என்று மில் பஸ்ஸில் ஒரே கேலி. மூன்றாம் வாரமே பஞ்சு மூட்டை தூக்கி எல்லோர் வாயையும் அடைத்தார்.

இரண்டாம் மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது.

நான் வாந்தி எடுப்பதைப் பார்த்த மாமியார், "எம்மகன் அறுத்துட்டு வந்த பெறகு இது எப்படி உண்டாச்சு?" என்று கேட்டுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. எதைச் சொல்லி நிரூபிப்பேன்? சாயங்காலத்துக்குள் பங்காளிகள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். என்னை அப்பா வீட்டுக்கு அனுப்புவது என்று பேச்சு.

ஷிப்ட் முடிந்து வந்தவர் விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தப்பு எம்மேல ஆத்தா. மூணு மாசம் கவனமா இருக்கணும், பெறகு டெஸ்டுக்கு வரணும்னு நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. வெக்கத்துல இவகிட்டகூட நான் சொல்லல. மடைய அடச்சாலும் வாய்க்கால்ல கெடக்குற தண்ணி வடியணும்ல?"

யாரும் நம்பவில்லை. மறுநாள் லீவு போட்டு என்னையும் மாமியாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் அவரைப் பரிசோதித்து, விந்தில் உயிரணு இன்னும் இருக்கிறது என்றார். ஆபரேஷனால் உற்பத்தி நிற்காது, வழிதான் அடைபடும், அடைப்புக்கு அந்தப் பக்கம் முன்பே தங்கிய உயிரணு தீர நாளாகும் என்று விளக்கினார். திரும்பும்போது பஸ்ஸில் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முறுக்கு வாங்கிக் கொடுத்தார். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை.

"டெஸ்டுக்கு முன்னாடியே எப்படிங்க நம்புனீங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"உன்னையச் சந்தேகப்பட்டா அதுக்கு எந்த டாக்டர்கிட்டப் போறது?" என்றார்.

மூன்றாவதும் பெண்தான். அதன் பிறகு மில்லில் யார் ஆபரேஷனுக்குக் கிளம்பினாலும், "டெஸ்ட் எடுக்காம வீட்டுக்காரிய மாட்டிவிட்டுறாதீங்கப்பா" என்று பஸ்ஸிலேயே சத்தமாகச் சொல்வார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முந்தின நாளே, ஊர் முன்னால் தன் தப்பைச் சொல்லி அவர் என் பக்கம் நின்றாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை நிமிர்ந்துவிடுகிறது.