கிரேன் வாலில் ஒரு பருந்துக் கூடு

கூண்டுக்காரர் என்ற பேரை முதலில் கேட்டது என் சின்ன நாத்தனாருக்குக் கல்யாணமான புதிதில். "கூண்டுக்காரர் இன்னும் இறங்கலை அண்ணி, இருட்டினாத்தான் வருவார்" என்றாள். ஊரிலிருந்து வந்திருந்த என் சித்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கூண்டா? எந்தக் கோர்ட்டுலடி?" என்று நெஞ்சில் கைவைத்தாள். புருஷனைத்தான் சொல்கிறேன் என்று புரியவைப்பதற்குள் நாத்தனாருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கட்டடம் எழும்புகிற இடத்தில் ஆகாயத்துக்கு நிற்குமே கிரேன், அதன் உச்சியில் இருக்கும் கண்ணாடி அறைதான் கூண்டு. காலையில் சாப்பாட்டு டப்பாவோடு ஏணி ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். கீழே நடக்கிற சண்டை எதுவும் அவர் காதுக்கு எட்டாது. வீட்டுச் சண்டையையும் மேலேயிருந்து பார்க்கிற மாதிரியே பார்த்துவிட்டுச் சாப்பிடுவார்.

ஒரு கட்டடத்தில் பங்காளிகளுக்குள் தகராறு வந்து வேலை பல மாதம் நின்றது. மறுபடி தொடங்கிய அன்று இவர் ஏறினால், தலையில் பொளேரென்று ஒரு அடி. தொப்பி பறந்து கீழே போயிற்று. கிரேனின் பின்பக்கக் கை, அதை வால் என்பார்கள், முன்கை பாரம் தூக்கும்போது கவிழாமலிருக்க அதில் கான்கிரீட் கட்டைகளை அடுக்கியிருப்பார்கள். அந்தக் கட்டைகளுக்கு நடுவே சுள்ளி, கட்டுக்கம்பி, யாரோ கழற்றிப்போட்ட கையுறை என்று சேர்த்துப் பருந்து கூடு கட்டியிருந்தது. உள்ளே பஞ்சுபோல் இரண்டு குஞ்சுகள்.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் ஒரு கவலை பிடித்துக்கொண்டது. கிரேன் திரும்பினால் கூடும் கூடவே திரும்புகிறது. இரையோடு வரும் தாய் ரயில் பாதைப் பக்கம் தேட, கூடு மார்க்கெட் பக்கம் நின்றால்? ஒவ்வொரு பாரம் இறக்கியதும் வாலைப் பழையபடி ரயில் பாதைப் பக்கமே கொண்டுவந்து நிறுத்தினார். பிறகுதான் அடுத்த பாரம்.

மேஸ்திரி வாக்கிடாக்கியில் கத்தினார்: "என்னய்யா கூண்டு, தூங்கிட்டியா? கலவை இறுகுது!"

"சுத்திக்கிட்டு வர்றேன்."

"இந்தா இருக்கிற இடத்துக்கு எதுக்குய்யா ஊரைச் சுத்துறே? வழியில மாமியார் வீடா?"

இப்படியே போனால் வேறு ஆளைப் போடுவேன் என்று எஞ்சினியரும் சொல்லிவிட்டார். அன்று வீட்டில்தான் வாயைத் திறந்தார். நாத்தனார் கேட்டுவிட்டு, தட்டில் கரண்டியைத் தட்டினாள்.

"ஏங்க, வேலை முடிஞ்சதும் பிரேக்கை எடுத்துவிட்டுட்டுத்தானே இறங்குவீங்க, காத்துக்கு அது தானா சுத்தட்டும்னு?"

"ஆமா. பூட்டி வெச்சா காத்து சாய்ச்சுப்புடும்."

"அப்ப விடியறப்ப வால் எந்தப் பக்கம் நிக்குதோ யாருக்குத் தெரியும்? அந்தம்மா கூட்டைக் காணோம்னு போலீஸ்ல சொல்லிச்சா?"

தினமும் அந்த பிரேக்கை எடுத்துவிட்டவரே அவர்தான். மறுநாள் வாலைத் திருப்பிவைக்காமல் வேலை செய்தார். பருந்து எலியைக் கவ்விக்கொண்டு, வால் நின்ற பக்கம் நேரே வந்து இறங்கிற்று.

குஞ்சுகளுக்குப் பழுப்பு இறகு முளைத்தது. கம்பியை இறுகப் பிடித்தபடியே சிறகை அடித்துப் பழகின. மூத்தது ஒரு காற்றோடு போய்விட்டது. இளையது கட்டைக்குக் கட்டை தத்தும், திரும்பிக் கூட்டுக்கே வந்து இரைக்குக் கத்தும். அதற்குள் மொட்டைமாடி தளம் போட்டாயிற்று. திங்கட்கிழமை கிரேனைப் பிரிக்க ஆள் வருகிறார்கள் என்றார் எஞ்சினியர்.

"ஒரு வாரம் தள்ளிப்போடுங்க சார்" என்று கேட்டுக் காரணத்தையும் சொன்னார்.

"பருந்தை லீவு லெட்டர் எழுதித் தரச் சொல்லுங்க, பார்க்கலாம்."

திங்கட்கிழமை பிரிக்கிற கூட்டம் வந்தது. முதலில் இறக்கவேண்டியது வால் கட்டைகளைத்தான். அவர்களில் ஒருவர் கையில் சாக்கோடு நின்றார். "அமுக்கிக் கீழே கொண்டாந்துடறேன் அண்ணே."

"கீழே நாய் விட்டுவைக்குமா? நான் போய் என் சாமானை எடுத்துட்டு வந்துடறேன், அதுவரை இருங்க" என்று ஏறினார்.

கூண்டில் உட்கார்ந்து வாலை மெல்லத் திருப்பி, புதுத் தளத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து நிறுத்தினார். இப்போது விழுந்தாலும் இரண்டு ஆள் உயரம்தான், பாதாளம் இல்லை. பிறகு வாலின் நடைபாதையில் இறங்கிக் குஞ்சை நோக்கி ஓர் அடி வைத்தார். தாய் வந்து தொப்பியில் ஒரு சாத்து சாத்திற்று. குனிந்துகொண்டு இன்னோர் அடி வைத்தார். கையை நீட்டவில்லை. அவர் முன்னே வர வர, குஞ்சு கட்டை கட்டையாகப் பின்வாங்கிற்று. கடைசிக் கட்டைக்கு அப்பால் இடமில்லை. விழுந்தது, விழும்போதே சிறகு விரிந்துகொண்டது. பறந்தது என்று சொல்ல முடியாது. சரிந்துபோய் மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டிமேல் மோதி, குடித்தவன் போல் இரண்டு ஆட்டம் ஆடி நின்றது.

கூண்டுக்கு வந்து வாக்கிடாக்கியை எடுத்தார். "ஏறலாம். சாக்கு வேண்டாம்."

கிரேனைப் பிரித்து முடிக்கிறவரை அது தொட்டிமேலேயே இருந்தது. தாய் அங்கேயே இரை கொண்டுவந்து போட்டது. பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் போய்ப் பார்த்தபோது இல்லை.

அதற்குப் பின் இரண்டு கட்டடத்துக்குக் கிரேன் ஓட்டினார். முழங்கால் ஏணிக்கு ஒத்துவரவில்லை. இப்போது மூத்த மகள் வீட்டில், தரைத்தளத்தில், சண்டை சச்சரவெல்லாம் காதுக்கு எட்டுகிற தெருப்பக்கத்து அறையில் இருக்கிறார்.