அம்மா அண்ணியிடம் மட்டும் சொன்னது

சென்ற வருடம், இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைத்தது.
2. இரத்தசோகை இருந்ததால் தேதி தள்ளிப்போனது. முன்கூட்டியே அதைச் சரிசெய்துகொண்டால் பிறருடைய இரத்தம் ஏற்றும் தேவை குறையும் என்றார் டாக்டர்.
3. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த பரிசோதனையிலும் அளவு ஏறவில்லை.
4. இன்னொரு முறையும் ஏறாவிட்டால் அறுவைச் சிகிச்சைக்கான அம்மாவின் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

நான் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மாத்திரை என்றாலே மறு கையில் தேத்தண்ணிக் கோப்பை இருக்கும். அதுதான் காரணம் என்று நினைத்து, போனில் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது, கொழுந்து பறிக்கும் என் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாமி மாத்திரையே போடுறதில்ல தங்கச்சி. வயிறு இறுகிப்போகுதாம், வெளிக்கி கருப்பாப் போகுதாம். உள்ளுக்குள்ள ரத்தம் ஒழுகுதோன்னு பயந்துட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, பொறாமை. மகளிடம் சொல்ல வேண்டியதை, நேற்று வந்த மருமகளிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவிடமே கேட்டேன்.

"உங்கிட்ட சொன்னா உடனே ஊசியோட வந்து நிப்ப. அவ சுடுதண்ணி வச்சுக் குடுத்தா."

டாக்டரிடம் சொன்னோம். சோதித்துப் பார்த்து, கருப்பாகப் போவது மாத்திரையால்தான், இரத்தக்கசிவு இல்லை என்றார். இரும்புச்சத்தை இரத்தநாளம் வழியாக ஏற்றினார்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதை அண்ணி முதலில் நிறுத்தினார். நான் சொல்லியும் அதை விடாத அம்மா, அவரைப் பார்த்துத் தானும் விட்டுவிட்டார்.

அளவு ஏறியது. யாருடைய இரத்தமும் ஏற்றாமலே அறுவைச் சிகிச்சை முடிந்தது. கண் விழித்த அம்மா, கட்டிலோரம் நின்ற என்னிடம் கேட்டது, "மருமக சாப்பிட்டாளா?"

இப்போது அம்மா கம்பு இல்லாமல் நடக்கிறார். மற்ற முழங்காலுக்கும் தேதி கேட்டிருக்கிறோம். கிளினிக் போகும்போதெல்லாம் அண்ணியையும் கூட்டிப் போகிறேன். பொறாமை போகவில்லை, ஆனாலும் அம்மாவின் உடம்புக்கு என்ன என்று தெரிய வேண்டுமானால், நான் அண்ணியிடம்தான் கேட்கிறேன்.