தோளில் இரண்டு தட்டு

கண்ணுகளா, இதில் நான் ஒரு சிட்டிகை உப்புகூடச் சேர்க்கவில்லை. யாருக்கு நடந்ததோ அவளே என் எதிரில் உட்கார்ந்து சொன்னது. சொல்லி முடிக்கிற வரைக்கும் இடது தோளைக் கையால் பொத்திக்கொண்டே இருந்தாள். பயந்த சுபாவக்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் நெருங்கி உட்கார்ந்துகொள்ளுங்கள். விளக்கைப் போட்டுப் பிரயோசனமில்லை. இது நடந்தது பட்டப்பகலில்.

அக்கா தங்கை இரண்டு பேர். பெரியவள் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள். சின்னவளுக்குத் தையல் கடையில் வேலை. பெரியவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. விண்வெளிக் கதைகளில் வீரர்கள் போட்டுக்கொள்வார்களே கவசம், அதைப் பிளாஸ்டிக்கில் செய்வாள். செய்து, தானே மாட்டிக்கொண்டு, அப்படிப்பட்டவர்கள் கூடுகிற விழாக்களில் நடப்பாள். குளியலறைக் கதவுக்குப் போடுகிற தகடுதான் வாங்குவாள். அனல்காற்று ஊதும் ஹீட் கன்னைப் பிடித்தால் அது துணிபோலத் தொய்ந்துவிடும். பழைய போர்வையைச் சுற்றிய தோளில் அதைப் போர்த்தி அமுக்கிக்கொள்வாள். ஆறிவிட்டால் அது அவள் தோள்.

அந்தக் கிறுக்குக்கு ஒரு வழி பிறந்தது. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடுப்பு செய்கிற பட்டறையில் ஆள் எடுத்தார்கள். நீங்கள் செய்ததை நீங்களே போட்டுக்கொண்டு வந்து நடந்து காட்டுங்கள், நாளை மதியத்துக்குள் வாருங்கள் என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார்.

"ஊரார் வாய்க்குப் பல்லு பண்ணியே பாதி ஆயுசு போச்சு. இது மட்டும் கிடைச்சா போதும்டி எனக்கு," என்றாள் பெரியவள்.

கவசத்தைப் போட்டு நடந்து பார்க்க வீட்டில் கை நீட்ட இடமில்லை. தையல் கடைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு. அதன் மேல்மாடி காலியாகக் கிடந்தது. சாவி வாங்கிக்கொண்டு போனார்கள். பெரிய கூடம். நடுவில், அந்தக் காலத்தில் மூட்டை இறக்குவதற்காகத் தரையில் வெட்டிய சதுர ஓட்டை. அதன்மேல் பலகைகளை அடுக்கி மூடியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் சுவரோரமாக நின்றுகொண்டார்கள்.

கவசத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதை மாட்டிக்கொண்டவளால் தானாக எதுவும் செய்ய முடியாது. கண்ணுக்கு நேரே ஒரு கீற்றுதான் தெரியும், கால் தெரியாது. தலைக்கவசத்துக்குள் ஆவி படியாமலிருக்கச் சின்ன விசிறி ஓடும். அது போடுகிற இரைச்சலில் வெளியே யார் பேசினாலும் கேட்காது. அதனால் கூட ஒருத்தி நடப்பாள். தோளில் ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டு தட்டினால் நட. வலது தோளில்தான் சின்னவள் தட்டுவாள்.

எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தபோது, தலைக்கவசத்தைப் பிடித்து நிறுத்துகிற கழுத்துப் பூட்டு சரியாக அமையவில்லை. அப்போதுதான் பெரியவள், இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு மடத்தனத்தைச் செய்தாள். தலைக்கவசம் ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்க, கழுத்து வளையத்தோடு சேர்த்துச் சூட்டுப் பசையால் ஒட்டிவிடச் சொன்னாள்.

"தலை உள்ள இருக்கும்போதேவா? தும்மல் வந்தா என்ன பண்ணுவ?"

"உள்ளயே தும்மிக்கிறேன். அப்புறம் பிச்சு எடுத்துக்கலாம், நீ ஒட்டு."

ஒட்டினாள். உடனே தொடைக் கவசத்தின் பக்கிள் பட்டென்று உடைந்தது. கடைக்குப் போய் வேறு எடுத்து வரவேண்டும்.

"நான் வர்ற வரைக்கும் அசையாத," என்று தலைக்கவசத்தோடு வாயை ஒட்டிக் கத்தினாள் சின்னவள். "நல்ல பிள்ளையா நில்லு."

"உக்காரவா முடியும் இதுல? போய்ட்டு வாடி."

போய்விட்டாள். பெரியவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். விசிறி இரைந்தது. தன் மூச்சு தன் முகத்திலேயே வெதுவெதுப்பாக மோதியது. நாளைக்குப் பட்டறையில் எப்படித் திரும்பி நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு தட்டு.

அதற்குள் வந்துவிட்டாளா என்று நினைத்தாள். ஓடிப்போய் ஓடி வந்திருப்பாள். தோளைப் பிடித்து மெல்லத் திருப்பிய பக்கம் திரும்பினாள். நடந்தாள்.

ஒரு தட்டு. நின்றாள்.

இரண்டு தட்டு. நடந்தாள்.

நன்றாகத்தான் நடந்தாள். முழங்கால் மடிந்தது, இடுப்பு இடிக்கவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்ததாம். ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது. சாப்பாட்டில் கல் தட்டுப்பட்ட மாதிரி.

தட்டியது இடது தோளில்.

சரி, இன்றைக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுபடி இரண்டு தட்டு. அப்போதுதான் புரிந்தது. சின்னவள் தட்டினால் பிளாஸ்டிக்கில் டொக் டொக் என்று அதிரும். தோளுக்கும் கவசத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. சத்தம்தான் வரும், உடம்பில் படாது.

இதில் சத்தமே இல்லை.

இது உடம்பில் பட்டது. கவசத்துக்கு உள்ளே. வெறும் தோளில் ஈரக்கையை வைத்துத் தட்டுவதுபோல...

"ஏய்," என்றாள். குரல் தலைக்கவசத்துக்குள்ளேயே சுற்றியது.

இரண்டு தட்டு.

நின்றுவிட்டாள்.

எதிரே, கண்கீற்றின் கடைசியில், மாடிப்படிக் கதவு தெரிந்தது. கதவு திறந்தது. கையில் பக்கிள் பையோடு உள்ளே வந்தாள் சின்னவள்.

அப்படியானால் தோளில் இருக்கும் கை...

சின்னவள் வாய் திறந்து ஏதோ கத்தினாள். கேட்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வராதே வராதே என்று ஆட்டினாள்.

இரண்டு தட்டு. இரண்டு தட்டு. இரண்டு தட்டு.

விசிறி நின்றது.

அமைதி. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

தலைக்கவசத்துக்குள்... காதோரம்... நிதானமாக... இன்னொரு மூச்சு.

சின்னவள் சுற்றிக்கொண்டு ஓடி வந்து பின்னாலிருந்து இழுத்தாள். இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். தகடு அறுக்கும் கத்தியால் தலைக்கவசத்தை உச்சியிலிருந்து கழுத்துவரை இரண்டாகப் பிளந்துதான் அக்காவை வெளியே எடுத்தாள். பெரியவள் நின்ற இடத்திலிருந்து அரை அடி. அங்கே ஓட்டை, திறந்து கிடந்தது. பலகைகள் சுவரோரம் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"அந்தப் பலகையை ஏன்டி எடுத்த?" என்றாள் பெரியவள்.

"நான் எங்க எடுத்தேன்? அதைத் தூக்க நாலு ஆள் வேணும்க்கா."

மார்க்கவசம், கைக்கவசம் எல்லாவற்றையும் அறுத்துக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பிளந்த தலைக்கவசம் மட்டும் சின்னவள் கையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. எப்படி எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

மறுநாள் பெரியவளுக்கு நெருப்பாய்க் காய்ச்சல். பட்டறைக்குப் போகவில்லை. போன் செய்யவும் தெம்பில்லை. மதியம் தாண்டியதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

"விடுக்கா. உயிரோட இருக்க. வேற வேலை வராமலா போய்டும்."

"வராதுடி," என்றாள்.

அதற்கடுத்த நாள் காலையில் போன் வந்தது. பட்டறை முதலாளி. பெரியவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் விடவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கணும், ஆள் நிறைய வந்துட்டாங்க. உங்க வேலைதாம்மா பிரமாதம். என்ன நடை. தனியா வந்தீங்க, கூட யாரும் இல்ல, ஒரு இடத்துல இடிக்கலையே."

பெரியவள் இடது தோளைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நேத்தும் இப்படித்தான், வாயே திறக்கல நீங்க. தண்ணி குடுத்தும் வாங்கிக்கல. மூஞ்சியைக் காட்டுங்கன்னு சொன்னதுக்குக் கழுத்தைத் தொட்டுக் காட்டினீங்க. பாத்தா பசை போட்டு ஒட்டியிருக்கு. நாங்க ஒரே சிரிப்பு."

பெரியவள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். இரண்டு பாதியும் அங்கேதான் கிடந்தன.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார் அவர். "திரும்பும்போது முதுகுல தட்டிக் குடுத்தேன். காலி டப்பா மாதிரி சத்தம் வந்துச்சு. ஆள் உள்ள இருந்தா அப்படி வராதேம்மா. அது என்ன வித்தை? சரி, வந்து சொல்லுங்க. வேலை உங்களுக்குத்தான். என்னைக்கு வர்றீங்க?"