வயலின் கேசட்

எங்கள் திருமண நாளுக்காக அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தோம். மேசையில் மெழுகுவத்தி ஏற்றி, வயலின் இசையை மெல்ல ஒலிக்கவிட்டார்கள். முதல் இழுப்பிலேயே அடையாளம் தெரிந்தது. என் கண்கள் தாமாகச் சன்னலைத் தேடின.

பெரியநாயக்கன்பாளையத்து வீட்டில் எங்களிடமிருந்த கேசட்டில் முதலில் வருவது இதுதான். அட்டையில் ஒரு வெள்ளைக்கார ஜோடி அணைத்தபடி ஆடிக்கொண்டிருக்கும். அம்மாவோடு சண்டை முற்றினால் அப்பா அதைப் போட்டுச் சத்தத்தை முழுசாகக் கூட்டுவார். சன்னல்களைச் சாத்துவது என் வேலை. அடி விழும் ஓசை வெளியே கேட்காது. ஒரு மெட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை மட்டும் அப்பா கையை நிறுத்துவார். அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் நீளாதா என்று கேசட் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா கேட்பார்: "ஏங்கண்ணு, நேத்தும் உங்கூட்ல ஒரே பாட்டுச் சத்தமாட்ட இருந்துச்சு! உங்கப்பாவுக்கு அம்மா மேல அத்தன பிரியமா?"

நான் தலையாட்டுவேன்.

"உனக்காகத்தான் போடச் சொன்னேன் அம்மணி. புடிச்சிருக்குதா?" என்றார் என் கணவர், ஆசையாக.

அன்று அந்த அக்காவுக்கு ஆட்டியது போலவே தலையாட்டினேன்.