ஒன்பதாம் வகைக்கு மாப்பிள்ளை தேடியவன்

என் தம்பி இருபத்து மூன்று வருடமாகப் பச்சோந்தி எண்ணுகிறான். வனத்துறை அலுவலகப் பதிவேட்டில் அவன் வேலைக்குப் பெயர் ‘கணக்கெடுப்பு உதவியாளர், தற்காலிகம்.’ அந்தத் தற்காலிகத்தை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் புதுப்பித்தே அவனுக்குத் தலை நரைத்துவிட்டது.

மழை விட்டதும் நான்கு மாதம் கணக்கெடுப்பு. இருட்டிய பிறகு அறுநூறு மீட்டர் பாதையை மூன்று மணி நேரத்தில் நடக்க வேண்டும். பகலில் பச்சோந்தி கண்ணில் படாது. ராத்திரி கிளை நுனியில் தூங்கும்போது உடம்பு வெளுத்துவிடும். டார்ச் பட்டதும் வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி தெரியும். அப்போது எடுத்து, பையில் போட்டு, பாதை முடிவில் உள்ள மேசைக்குக் கொண்டுபோய் நீளமும் எடையும் பார்த்து, அன்று ராத்திரியே அதே கிளையில் திரும்ப விட வேண்டும். வேறு கிளையில் விட்டாலே தப்பு. மறுநாளைக்கு வைத்திருப்பது பெரிய தப்பு. அந்த விதியை என் தம்பி ஒருநாளும் மீறியதில்லை.

காலை ஐந்தரை பஸ்ஸில் அவன் இறங்கும்போது தலையிலும் புருவத்திலும் சிலந்தி வலை இருக்கும். அதனால் எங்கள் தெருவில் அவன் பெயர் ஒட்டடை.

“ஒட்டடை, நேத்து எத்தனை?” என்று டீக்கடைக்காரர் கேட்பார்.

“நாப்பத்தொண்ணுண்ணே.”

“நாப்பத்தொண்ணும் உன்னைப் பார்த்துச்சா, நீ அதைப் பார்த்தியா?”

“அதுங்க நல்லாத் தூங்குதுண்ணே. நான்தான் முழிச்சுக்கிட்டிருந்தேன்.”

பச்சோந்தி என்றால் நம் ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசுகிறவன்தான் ஞாபகத்துக்கு வருவான். தம்பிக்கு அதில் வருத்தம் உண்டு. இடத்துக்குத் தகுந்தபடி அது நிறம் மாறுவதில்லை என்பான். குளிர்ந்தால் கறுக்கும், வெயில் ஏறினால் வெளுக்கும், கோபம் வந்தால் கோடு கோடாக எழும்பும், ஜோடியைப் பார்த்தால் அலங்காரம் பண்ணிக்கொள்ளும். “மனசுல இருக்கிறது மேல தெரியுது, அவ்வளவுதான். அதை விடக் கபடம் இல்லாத பிராணி எது இருக்கு?” என்று டீக்கடையில் ஒருமுறை சண்டைக்கே போனான்.

அவன் எண்ணும் மலையில் ஒன்பது வகை என்று கணக்கு. எண்களால்தான் அவன் அவற்றைச் சொல்வான். முதல் வகை என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். தலைக்குப் பின்னால் யானைக் காது மாதிரி இரண்டு மடல். இரண்டாவது கட்டைவிரல் அளவுகூட இல்லை. மரம் ஏறத் தெரியாமல் சருகில் நடக்கும், தொட்டால் காலை மடக்கிக்கொண்டு காய்ந்த இலையாக விழுந்து செத்த மாதிரி கிடக்கும். அதைத் தேடும்போது கால் வைக்கவே பயமாக இருக்கும் என்பான். மூன்றாவதுக்கு மூக்கில் ஒரு சதைத் தகடு, பேனா முள் போல. ஐந்தாவது முட்டையில் எட்டு மாதம் இருந்துவிட்டு, வெளியே வந்து நான்கே மாதத்தில் வளர்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டை வைத்து, செத்துப் போகும். வருடத்தில் பாதிக்கு மேல் அந்த வகையில் உயிரோடு நடமாடுவது ஒன்றுகூட இருக்காது, எல்லாம் மண்ணுக்குள் முட்டை. இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவதில் விசேஷம் ஒன்றுமில்லை. உள்ளங்கை நீளம், சாதாரணப் பச்சை, விலாவில் ஒரு வெள்ளைக் கோடு.

ஒன்பதாவதுதான் என் தம்பி கண்டுபிடித்தது.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கணக்கெடுப்பையே நிறுத்தப் போவதாக இருந்தது. எட்டு வகையும் பக்கத்து மலைகளிலும் உண்டு, இங்கே தனியாக எண்ண என்ன இருக்கிறது என்று மேலிடத்தில் கேட்டார்கள். அந்தப் பருவத்தின் கடைசி வாரம், எடை பார்க்க மேசைமேல் வைத்த ஒன்று விழித்துக் கறுத்து எழுந்தது. கரியில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த மாதிரி உடம்பு, கழுத்தில் நீலம். வாயைப் பிளந்து, அசைந்து அசைந்து சீறியது. தம்பி குறிப்பெடுத்தான். பெரிய நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து படம் பிடித்துப் போனார். வேறெங்கும் இல்லாத வகையாக இருக்கலாம், வருடாவருடம் எண்ண வேண்டும் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தின் பலத்தில்தான் அவன் வேலை நின்றது. அதை நான் ஆஸ்பத்திரியில் சொல்லாத ஆள் கிடையாது.

நான் ஆஸ்பத்திரித் துணி அறையில் தையல் வேலை பார்க்கிறேன். கழித்துப் போட்ட படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கி, தம்பிக்குப் பச்சோந்திப் பைகள் தைத்துக் கொடுப்பேன். பழைய துணி மெத்தென்று இருக்கும், காற்றும் போகும். தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் நூலில் நகம் மாட்டும். எட்டாவது வரைதான் படித்தேன், ஆனால் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். தம்பி எழுத்து கோழி கிளறியது. அதனால் அவனுடைய வருடாந்தர அறிக்கையைச் சுத்தமாக எழுதிக் கொடுப்பதும் நான்தான்.

ஒவ்வொரு அறிக்கையிலும் ஒன்பதாம் வகைக்குக் கீழே ஒரே வரி இருக்கும்: ‘ஆண் இன்னும் கிடைக்கவில்லை.’ பதினெட்டு வருடத்தில் அவன் பார்த்தது மொத்தம் பதினைந்து, பதினைந்தும் பெண். ஆண்கள் உச்சிக் கிளையில் இருக்கும் என்று நினைத்து ஏணி கொண்டுபோனான், மரம் ஏறி விழுந்தான், முட்டியைக் கெடுத்துக்கொண்டான்.

துணி அறை மேற்பார்வையாளரம்மா வாரம் தவறாமல் என்னைக் கேட்பார்: “என்னம்மா, உங்க வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுதா?”

“தேடிக்கிட்டே இருக்காங்க.”

“உன் தம்பி ரொம்பத்தான் எதிர்பார்க்கிறான். கொஞ்சம் நிறம் கம்மியா இருந்தாலும் பரவாயில்லன்னு முடிக்கச் சொல்லு.”

இந்த வருடம் கணக்கெடுப்பின் இரண்டாம் மாதத்தில் கிடைத்த பதினைந்தாவதுக்கு, வேலிக் கம்பியில் சிக்கி முன்கால் வீங்கியிருந்தது. இப்படியே விட்டால் கிளையைப் பிடிக்க முடியாமல் விழுந்துவிடும், இரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம் என்று அதிகாரி உத்தரவு போட்டார். சாமான் அறையில் வலைக் கூண்டு, அதற்குள் ஒரு மண் தொட்டி, தொட்டியில் ஒரு செடி. தம்பி தினமும் வெட்டுக்கிளி பிடித்துப் போட்டான். ஆறாம் நாள் அது கீழே இறங்கி, பகல் முழுக்கத் தொட்டி மண்ணைத் தோண்டியது. சாயங்காலம் பார்த்தால் மண் அமுக்கி மூடப்பட்டிருந்தது. அது வயிறு ஒட்டி, மூக்கெல்லாம் மண்ணாக, செடியடியில் கிடந்தது. உள்ளே பதினேழு முட்டை.

அதற்குப் பிறகு நிறம் இறங்கத் தொடங்கியது. முதலில் நீலம் போயிற்று. பிறகு பொட்டுகள் மங்கின. பன்னிரண்டாம் நாள் காலையில் கூண்டுக்குள் சாதாரணப் பச்சையில் ஒன்று உட்கார்ந்திருந்தது, விலாவில் வெள்ளைக் கோட்டோடு. தம்பி காவலாளியிடம் ஓடி, “யாராவது மாத்தி வச்சீங்களா?” என்று கேட்டிருக்கிறான்.

“திருடினா கோழியைத் திருடுவேன். இதை எவன்யா மாத்துவான்?” என்றிருக்கிறார் அவர்.

முன்கால் வீக்கம் அதே இடத்தில் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்தவன் பூட்ஸைக் கழற்றாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்தான்.

“ஒன்பது இல்லைக்கா. எட்டுதான்.”

“என்னடா எட்டு?”

“ஒன்பதாவதுங்கிறது நாலாவது வகையில பொண்ணுதான். வயித்துல முட்டை முத்தினதும் அந்தக் கலரு வருது. கிட்ட வராதேன்னு ஆணுக்குச் சொல்றதுக்கு. முட்டை வச்சதும் போயிடுது. வயிறு தடிச்சிருக்கேன்னு பார்த்தேன், அந்த வகையோட உடம்புவாகுன்னு எழுதி வச்சிருக்கேன். பதினெட்டு வருஷமா எழுதி வச்சிருக்கேன்.”

“இத்தனை வருஷம் எப்படித் தெரியாமப் போச்சு?”

“அது முட்டை வைக்கிற காலம் நாம எண்ணி முடிச்ச பிறகுதான். அவசரப்பட்ட ஒண்ணு ரெண்டுதான் என் கையில சிக்கியிருக்கு. சிக்கினதையும் அன்னைக்கே கொண்டுபோய் விட்டுட்டேன். ஒரு நாள் கூட வச்சுப் பார்க்கலையேக்கா. விதியை ஒழுங்கா நடத்தினதுல வந்த வினை.”

அடுத்து நான் கேட்டதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு.”

“வேற?”

“அந்தப் பச்சோந்திக்கு.”

இருபத்தைந்து வருடம் முடித்தவர்களை நிரந்தரமாக்குவதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். இன்னும் இரண்டே வருடம்தான். ஒன்பதாவது இல்லை என்றானால் எண்ணுவதற்கு ஆள் தேவையில்லை. நாற்பத்தொன்பது வயதில், பச்சோந்தி எண்ணத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவான்? “ரெண்டு வருஷம் வாயை மூடிக்கிட்டு இரு,” என்றேன். “யார் குடியும் முழுகிடாது.”

“ரெண்டு வருஷம் இல்லாத மாப்பிள்ளையைத் தேடுற மாதிரி நடிக்கச் சொல்றியா?”

“இதுவரைக்கும் தேடத்தானே செஞ்சே?”

“இருக்குன்னு நினைச்சுத் தேடினேன். இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு ராத்திரி மரம் ஏற முடியாதுக்கா. முட்டி வலிக்குது.”

அவன் கோழிக் கிளறலில் எழுதிய அறிக்கை இரண்டு நாள் என் தையல் மிஷின் மேல் கிடந்தது. நான் தொடவில்லை. அவனும் கேட்கவில்லை. போனான், வந்தான், சாப்பிட்டான், தூங்கினான். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து எடுத்துப் படித்தேன். முட்டைகளின் எண்ணிக்கை, நிறம் இறங்கிய விதம், பன்னிரண்டு நாளும் நாள்வாரியாக எல்லாம் இருந்தது. கடைசியில் ‘பிழை என்னுடையது’ என்று இருந்தது. பார்த்து எழுதினேன். ‘வகைகள்: எட்டு’ என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது, மை ஊறி ஒரு புள்ளி விழுந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன்.

அறிக்கையைக் கொடுக்கப் போனபோது நானும் நாற்பது புதுப் பைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு கூடவே போனேன். அதிகாரி தம்பியை விட இருபது வயது சின்னவர். நின்றுகொண்டே படித்து முடித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

“அண்ணே, இது மேல போனா உங்க போஸ்ட்டே போயிடும். தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“நாலாவது வகைக்கு அந்த நிறம் வருதுன்னு இப்ப எழுதணும்னு என்ன அவசரம்? அடுத்த வருஷம், அதுக்கு அடுத்த வருஷம்னு நல்லாப் பார்த்துட்டு எழுதலாமே. யாரு கேட்கப் போறா?”

“நல்லாப் பார்த்துட்டேன் சார்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.”

சொல்ல வேண்டியதை எல்லாம் நான் வீட்டில் சொல்லித் தோற்றிருந்தேன். இன்னொருத்தர் முன்னால் அவனை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. “எழுதினது நான்தான் சார்,” என்றேன். “எழுத்துப்பிழை ஏதாவது இருந்தாச் சொல்லுங்க, திருத்தித் தரேன்.”

அவர் பெருமூச்சு விட்டு முத்திரையை எடுத்தார்.

பச்சோந்தியின் கால் தேறியிருந்தது. அன்று ராத்திரி அதன் கிளையில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். அது திரும்பிப் பார்த்ததா என்று கேட்டேன். “ஒரு கண்ணு என்னைப் பார்த்துச்சு, ஒரு கண்ணு மேல பார்த்துச்சு, அப்புறம் தூங்கிடுச்சு,” என்றான்.

துணி அறையில் மேற்பார்வையாளரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். மாப்பிள்ளை பக்கத்துக் கிளையிலேயே இருந்தாராம், நாலாம் நம்பர். அந்தம்மா சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு கேட்காமலே கழித்த விரிப்பு ஆறு எடுத்துக் கொடுத்தார். இனி எதற்கு என்று நான் சொல்லவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கணக்கெடுப்பு இந்தப் பருவத்தோடு முடிகிறது; உதவியாளர் தன் குறிப்பேடுகளை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். மொத்தம் மூன்று வரி. தம்பி இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து என்னிடம் கொடுத்தான். பருவம் முடியப் பத்தொன்பது ராத்திரி இருந்தது. பத்தொன்பதும் போனான். நாலாம் வகையில் பெண் கிடைத்தால் வயிற்றையும் தடவிப் பார்த்துக் குறித்துக்கொண்டான்.

ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, குறிப்பேடுகளை மேசையில் அடுக்கினோம். தப்பை அப்படியே ஒப்படைக்க மாட்டேன் என்றான். பதினைந்து இடம். நான் பக்கம் தேடி எடுத்துத் தருவேன். அவன் ஒன்பதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் நாலு என்று எழுதி, ‘பெண், முட்டையுடன்’ என்று சேர்த்து, கையெழுத்தும் தேதியும் போடுவான். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது அவன் முறை. முதல் ஏட்டில் தாள் மழையில் ஊறிக் காய்ந்து அப்பளமாக இருந்தது. கறுத்து எழுந்த அந்த முதல் நாளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தான். அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. அதை அவன் படிக்கவில்லை. எண்ணை மட்டும் அடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டான்.

எட்டாவதுக்குப் பிறகு டீ போட்டுக் கொடுத்தேன். பதினொன்றாவதில் கையெழுத்துப் போட்டவன், பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தான். நான் அடுத்த ஏட்டைத் திறந்து பக்கத்தைக் கண்டுபிடித்து நகர்த்தினேன். குறட்டை வந்தது.

இன்னும் நான்கு இடம் பாக்கி. எண்ணை நான் அடித்துவிடலாம், என் எழுத்து சுத்தமாகவும் இருக்கும். ஆனால் கையெழுத்து அவனுடையதாக இருக்க வேண்டும். அவன் விரலிலிருந்து பேனாவை எடுத்து மூடி வைத்தேன். இருபத்து மூன்று வருடத் தூக்கம் அது. நான் எழுப்பவில்லை.