ஒரு சொட்டும் இறங்காத முற்றம்

என் வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் ரசமட்டம், மட்டம் பார்க்கும் கருவியின் பெயர். தளம் போடுகிறவர். அடுத்தவர் வீட்டுக் காலண்டர் சாய்ந்திருந்தால்கூட எழுந்து போய் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார்.

என் தங்கை அதே தெருவில் சலவைக்கடை நடத்துகிறாள். காயப்போட்ட துணியில் சேறு தெறிக்கிறது என்று அவள் புலம்பவும், முற்றம் முழுக்கக் கல் பதித்து, இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசி, வாசல் பக்கம் சரிவு வைத்துக் கொடுத்தார். பெய்த மழை அத்தனையும் தெருச் சாக்கடைக்கு ஓடிவிடும். ஒரு சொட்டு உள்ளே இறங்காது என்று மார்தட்டிக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வீடு அதே மாதிரி கேட்டுப் போட்டுக்கொண்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில வருடங்களில் தங்கையின் கிணறு வற்றியது. நல்ல மழை பெய்த வருடத்திலும் வாளி தரையில்தான் முட்டியது. கடையை மூடிவிடப் போகிறேன் என்றாள். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கடையை நம்பித்தான் வளர்க்கிறாள்.

அடுத்த மழையில் இவர் குடையோடு போய் அந்த முற்றத்தில் நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையைத் தேடினார். எதற்கு என்று கேட்டேன்.

"மழை குறையல. மண்ணுக்குள்ள போற வழியை நான்தான் அடைச்சு வச்சிருக்கேன்."

தன் கையால் போட்டதைத் தானே பெயர்த்தார். அடியில் ஜல்லி கொட்டி, கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு, மணல் மட்டும் நிரப்பினார். ஒரு முற்றம் போதாது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். நல்ல தளத்தை உடைக்க வந்தவருக்கு மறை கழன்றுவிட்டதாம்! அப்படித்தான் சிரித்தார்கள். மனுஷன் அசரவில்லை. அவரவர் கிணறும் காய்ந்த பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அதுவரை தங்கை லாரித் தண்ணீரில் பாதி வேலை மட்டும் எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கடையை ஓட்டினாள்.

இரண்டு மழைக்காலம் போனது. ஒரு காலையில் தங்கை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, வாளி முழுசா முங்குது. மாமா எங்க?"

மாமா பக்கத்துத் தெருவில் வேறொரு முற்றத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். இருவரும் போய்ச் சொன்னோம். கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேடிக்கை பார்த்து நின்ற ஒருத்தி, தளம் போடுகிறவர் என்றார்களே, இவர் உடைக்கிறாரே என்று என்னிடம் இழுத்தாள்.

"போட்டதும் இவர்தான், உடைக்கிறதும் இவர்தான்" என்றேன், அவர் காதில் விழும்படியே. "போட்டப்பகூட எனக்கு இவ்வளவு பெருமையா இருந்ததில்ல."