சீயக்காயோடு போன வெள்ளிக்கிழமை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மெஸ்ஸில் தோசை போடுகிறேன். காலையில் ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம். நின்றுதான் செய்ய வேண்டும். போன வருஷம் இரண்டு முட்டியும் வீங்கிப்போயின. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். முதலாளி அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முடியலன்னா சொல்லிடுக்கா. வேற ஆள் பாக்கறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயம் வந்தது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

மருமகள் என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார்.

"எடை ஜாஸ்தி. தண்ணியில நடங்க, நீச்சல் அடிங்க. அதுக்கும் கேக்கலன்னா ஆபரேஷன்தான். அப்புறம் நின்னு செய்யற வேலைய மறந்துடணும். மழைக்கு முன்னாடி வந்து காட்டுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் மருமகள் பேச்சை எடுத்தாள்.

"நம்ம வூட்டுக்கிட்டயே நீச்சல் குளம் இருக்குது அத்த. மூணு மணிக்கு லேடீஸ் மட்டும்."

"இந்த வயசுல டவுசர் போட்டுக்கிட்டு குதிக்கச் சொல்றியா?"

"டவுசர் இல்ல. நான் தச்சித் தர்றேன்."

அவள் ஜாக்கெட் தைப்பவள். வழவழப்பான துணி வாங்கிக் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒன்று தைத்தாள். ஊதாக் கலர். போட்டுப் பார்த்தேன்.

"கத்திரிக்கா மாதிரி இருக்கேன்."

"தண்ணிக்குள்ள யாரு பாக்கப்போறாங்க? போங்க."

கடலூரில் பிறந்தும் கடலில் கால் நனைத்ததோடு சரி. முதலில் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சொல்லிக்கொடுப்பது சின்னப் பெண். குரல் மட்டும் பெரிசு.

"கம்பிய வுடுங்கம்மா! அது எங்கயும் ஓடிப்போவாது!"

ஒரு நாள் விட்டேன். மிதந்தேன். முட்டி இருப்பதே தெரியவில்லை. அன்று ராத்திரி வலி மாத்திரை போடாமல் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பது என் வழக்கம். அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் குளத்துக்குப் போகாமல் இருந்தேன். பிறகு ஒரு நாளும் விட மனசு வரவில்லை. எப்படியும் தலை நனையத்தானே போகிறது, எதற்கு இரண்டு குளியல் என்று நினைத்தேன். மெஸ்ஸிலிருந்து வந்ததும் நல்லெண்ணெய் தேய்த்தேன். முகத்துக்கு மஞ்சள். சீயக்காயை ஒரு கவரில் கட்டிக்கொண்டு போனேன். மருமகள் ஜாக்கெட் கொடுக்க வெளியே போயிருந்தாள். இருந்திருந்தால் தடுத்திருப்பாள்.

இறங்கி ஒரு முழுக்குப் போட்டேன். தண்ணீர்மேல் எண்ணெய் பளபளவென்று பரவியது.

"யாருடி எண்ணெ சட்டியக் கவுத்தது?" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் நடுவில். சொல்லிக்கொடுக்கும் பெண் கரையிலிருந்த கவரை எடுத்தாள்.

"இது இன்னாம்மா?"

"சீயக்கா."

குளத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இது இன்னா உங்க வூட்டு பாத்ரூமா? நாளையிலேர்ந்து வராதீங்க" என்றாள்.

வீட்டுக்கு நடந்தேன். மருமகள் வந்ததும் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மறுநாள், நான் வேண்டாம் என்று சொல்லியும் என்னைக் கையோடு குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"தப்புதான் மேடம்" என்று சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் ஆரம்பித்தாள். "எங்க அத்த இப்பதான் வலி கொறஞ்சி நிக்கறாங்க. நீச்சல வுட்டா வேல போயிடும். வேல போனா இவுங்க ஒடிஞ்சி போயிடுவாங்க."

"நான் ஒவ்வொருத்தர் தலையா மோந்து பாத்து உள்ள வுட முடியுமா?"

"நான் பாத்துக்கறேன்."

"வெளிய ஒக்காந்துக்கிட்டா? கூட எறங்கறியா, சொல்லு."

மருமகள் குளத்தை எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். பஸ்ஸில் போனால் கெடிலம் ஆற்றுப் பாலம் தாண்டும் வரைக்கும் கண்ணை மூடிக்கொள்வாள்.

"எறங்கறேன்" என்றாள்.

மிச்சத் துணியில் அவளுக்கும் ஒன்று தைத்துக்கொண்டாள். முதல் நாள் என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. "வுட்றாதீங்க அத்த, வுட்றாதீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். விடவில்லை. நான் பெற்ற மகன்கூட எனக்காக இவ்வளவு தூரம் வந்திருப்பானா, தெரியாது.

அதிலிருந்து இரண்டு பேரும் தினமும் போனோம். முதலில் சோப்புக் குளியல், பிறகு தலைக்கு ரப்பர் தொப்பி. வாசலில் மருமகள் என் தலையை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். எண்ணெய்க் குளியலை, குளத்துக்கு லீவு நாளான ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.

மழைக்கு முன் சிதம்பரம் போனோம். டாக்டர் முட்டியை அழுத்தினார், மடக்கினார், நடக்கச் சொன்னார்.

"ஆபரேஷன் இப்ப வேணாம். வேலைக்குப் போங்க. நீச்சல மட்டும் வுட்றாதீங்க."

வெளியே வந்ததும் முதலாளி அம்மாவுக்குப் போன் போட்டு, வேறு ஆள் பார்க்க வேண்டாம் என்றேன். "அப்பாடா" என்றார். அவருக்கும் கவலை இருந்திருக்கிறது.

மருமகளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டலுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து, இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் சொன்னேன்.

"இன்னா அத்த, அதிசயமா இருக்குது?"

"சாப்புடு."

சாப்பிட்டாள். இன்னும் வேணுமா என்று கேட்டேன். வேணாம் என்றாள். அதைக் காதில் வாங்காமல் இன்னும் இரண்டு சொன்னேன். அதையும் சாப்பிட்டாள்.